போன தடவை சொன்னதை என்ன செய்தீர்கள்?



வழக்கமாக இங்கே பாண்டிச்சேரிப் பள்ளிக்கூடக் கதையோ தாலுகா ஆபீஸ் கதையோ எழுதுவேன். இன்று கொஞ்சம் சண்டை போடப் போகிறேன். எழுபதைத் தாண்டியவனுக்கு அந்த உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் ரெட்டியார்சத்திரத்தில் எங்கள் தெருவுக்கு மறுபடியும் பிள்ளைகள் வந்தார்கள். நாலு பேர். கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாயால் கேட்டே காய்கறி விலை, மழை நிலவரம் தெரிந்துகொள்ள ஒரு செயலி செய்கிறார்களாம். அதற்கு எங்கள் பேச்சு வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, தக்காளி, முருங்கை, வெங்காயம், மல்லிகை, ஆமாம், இல்லை என்று ஒரு பட்டியல். அதை வாசித்துக் காட்ட, நாம் திருப்பிச் சொல்லவேண்டும். பிறகு செயலியை நம் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறோம், எதைத் தவறாக அழுத்துகிறோம் என்று வீடியோ எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் படிப்புக்கு மனித-கணினி ஊடாட்டம் என்று பெயர். இயந்திரத்துக்காக மனிதனை வளைக்காமல், மனிதனுக்காக இயந்திரத்தை வளைக்கப் பார்க்கிற படிப்பு. அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. வந்த பிள்ளைகளும் பணிவானவர்கள். வீட்டில் மோர் கொடுத்தோம், குடித்தார்கள்.

ஆனால் இது மூன்றாவது தடவை.

முதல் தடவை வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். லேப்டாப்பும் ஒரு மைக்கும் கொண்டுவந்தார்கள். இரண்டாம் தடவை ஸ்மார்ட்போனோடு வந்தார்கள். மூன்றும் வேறு வேறு கல்லூரி. ஒருவர் வந்துபோனது மற்றவருக்குத் தெரியாது. பட்டியல் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான்.

இரண்டாம் தடவை வந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கேள்வி கேட்டார். எனக்குத் தங்கச்சி முறை. பூ கட்டி விற்றே மகனைப் படிக்கவைத்தவர். கையெழுத்து மட்டும் போடுவார். மைக்கை நீட்டிய பையனைப் பார்த்து, "ஏப்பா தம்பி, போன தடவ வந்த புள்ளைகளும் இதத்தான கேட்டுச்சுக? அப்பச் சொன்னத என்ன பண்ணுனீக?" என்றார்.

பையன் சிரித்துக்கொண்டே, "அது வேற டீம், பாட்டி" என்றான்.

"டீமு வேறன்னாலும் என் வாய் ஒண்ணுதானப்பா?"

எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் இருபது நிமிடம் பேசிக் கொடுத்தார். பட்டியலில் உள்ளதைச் சொன்னதோடு நில்லாமல், ஒரு முழம் பூ எப்படி அளப்பது, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் யார் எப்படி ஏமாற்றுவார்கள் என்றெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆங்கிலத்தில் இருந்த ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நகல் கொடுக்கவில்லை.

2021-ல், கொரோனா இரண்டாம் அலையில், அந்த அம்மாள் போய்விட்டார். மகன் வளைகுடாவில் வேலையில் இருந்தான். வர முடியவில்லை. சில மாதம் கழித்து எனக்குப் போன் செய்தான்.

"மாமா, அம்மா குரல் எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. ரெண்டு வாய்ஸ் மெசேஜ் இருந்துச்சு, போன் மாத்துனப்ப போயிருச்சு. அந்தக் காலேஜ்காரங்க ரெக்கார்டு பண்ணாங்களே, அது கிடைக்குமா?"

தெருவில் யாருக்கு மனு எழுதவேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். முப்பத்தைந்து வருடம் வருவாய்த்துறையில் அதைத்தானே செய்தேன்? அந்தக் கல்லூரிக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினேன். இரண்டாவது நினைவூட்டுக்குப் பதில் வந்தது. பங்கேற்பாளர் தரவு ரகசியமானது, ஆய்வு நெறிமுறைப்படி மூன்றாம் நபருக்குத் தர இயலாது என்றார்கள். பெற்ற மகன் மூன்றாம் நபர்! சரி, விதி விதிதான் என்று, இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைத்து மறுபடி எழுதினேன். இந்த முறை வந்த பதில்: ஆய்வு மாணவர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டார், பதிவுகள் அவருடைய வன்தட்டில் இருந்தன, தற்போது எங்களிடம் இல்லை.

முதலில் பெட்டியைத் திறக்கமாட்டோம் என்றார்கள். பிறகு பெட்டியே இல்லை என்றார்கள்.

எந்தக் கல்லூரி என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அது ஒரு கல்லூரியின் குற்றமாகச் சுருங்கிவிடும். இது ஒரு துறையின் பழக்கம். என் சண்டை அந்தப் பழக்கத்தோடுதான்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். அப்பாவுக்குப் பாண்டிச்சேரியில் ஆலை வேலை. ஆங்கிலத்தில் டேட்டா என்பதை பிரெஞ்சில் 'தொன்னே' என்போம். கொடுக்கப்பட்டது என்று பொருள். டேட்டா என்ற சொல்லே லத்தீனில் அதே பொருள் உள்ளதுதான். நம் தமிழில் தரவு என்கிறோம். தருதல் என்பதிலிருந்து வந்தது. மூன்று மொழியிலும் அந்தச் சொல்லுக்குள் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். ஆய்வாளர் மட்டும் 'தரவு சேகரித்தேன்' என்கிறார், காட்டில் சுள்ளி பொறுக்கியதுபோல.

இந்த வேலைக்கு நம் மாவட்டத்தில் ஒரு பழைய கதையும் உண்டு. இன்றைய பிள்ளைகளுக்கே அது தெரியவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் நமக்குப் பக்கத்துச் செம்பட்டியில் கிராம அறிவு மையம் நடத்தியது. அந்த நிறுவனத்தோடு சேர்ந்து மேடலின் பிளாஷே என்ற மொழியியல் அறிஞரும் அவர் கூட்டாளிகளும் 2005, 2006 வாக்கில் எழுத்தறியாதவர்களுக்கான தமிழ்ப் பேச்சுக் கருவியை உருவாக்கிச் சோதித்தார்கள். வாழைப் பயிர் பற்றிய தகவலைக் கேட்டால் சொல்லும். அதற்கு முன்னோடியாக அவர்கள் செய்த 'தமிழ் மார்க்கெட்' பற்றிய கட்டுரை 2006-ல் மான்ட்ரியால் நகரத்து மாநாட்டில் வெளியானது. நான் படித்த மொழி பேசும் ஊரில் என் மாவட்டத்துக்கான வேலை பேசப்பட்டிருக்கிறது என்று அறிந்தபோது சந்தோஷமாக இருந்தது.

அவர்களுடைய யோசனையும் எனக்குப் பிடித்தது. பேச்சை அடையாளம் காணும் கருவிக்கு நிறையக் குரல் பதிவு வேண்டும். அதைத் தனியாகச் சேர்க்கப் பணமும் காலமும் அதிகம். ஆகவே ஊர்க்காரர்கள் கருவியைப் பயன்படுத்திப் பார்க்கும்போதே பேச்சையும் சேகரித்துக்கொள்ளலாம் என்றார்கள். அதாவது, சோதனைக்கு உட்காருகிற ஒவ்வொருவரும் கருவிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரும் ஆகிறார். இருபது வருடத்துக்கு முன்பே இது எழுதப்பட்டுவிட்டது. அப்படியிருக்க, எங்கள் தெருவில் ஒவ்வொரு டீமும் ஏன் 'ஒன்று, இரண்டு' என்று அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறது?

கட்டுரை ஊர் ஊராகப் போகிறது, தரவு போகவில்லை. காரணம் அவ்வளவுதான்.

இது என் சொந்த ஊகம் என்று நினைக்கவேண்டாம். இந்தத் துறையின் மிகப்பெரிய உலக மாநாட்டை சி.எச்.ஐ. என்று எழுதி 'கை' என்று உச்சரிக்கிறார்கள். 2018, 2019 ஆண்டுகளில் அங்கே கட்டுரை வெளியிட்டவர்களிடம், உங்கள் ஆய்வுப் பொருள்களையும் தரவையும் பகிர்கிறீர்களா என்று கேட்டு 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். 1356 பேரிடம் கேட்டதில் 460 பேர், அதாவது 34 சதவீதம் பேர், பதில் சொன்னார்கள். பகிர்வது அரிது என்பதே முடிவு. எதற்காகப் பகிரவேண்டும் என்பது சரியாகப் புரியாததும், எங்கே நம்பி வைப்பது என்று தெரியாததும் காரணங்களில் சில. கணினிப் படிப்பு படிக்கும் என் பேத்திதான் இதை இறக்கிக் கொடுத்தாள். பேர் 'கை'. நம் மொழியில் கை வாங்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். அங்கே வாங்குகிற கைதான் அதிகம் போலிருக்கிறது.

பகிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. அதே சுவாமிநாதன் நிறுவனம் 1998 முதல் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்கள் நடத்தியது. வீராம்பட்டினம் மீனவர் கிராமத்தில், கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் தமிழில் சொல்வார்கள். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து. எல்லோரும் பார்க்கும்படி அவர்கள் திறந்து வைத்திருந்ததை இவர்கள் எடுத்துத் தமிழில் சொன்னார்கள். கட்டுமரம் எடுக்கலாமா வேண்டாமா என்று வீராம்பட்டினத்துக்காரர் முடிவு செய்தார். ஒரு கடற்படையே திறந்து வைக்கிறது. நம் கல்லூரியின் ஆய்வுக்கூடம் தக்காளி, வெங்காயத்தைப் பூட்டி வைக்கிறது.

இப்போது எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லவேண்டும். 'அலை உயரம் வேறு, மனிதக் குரல் வேறு. குரலும் முகமும் வெளியே போனால் ஆபத்து' என்பார்கள். நியாயம்தான். யாரோ ஒருவர் குரலைப்போலவே இயந்திரத்தைப் பேசவைத்துப் பணம் பறிக்கிற காலம் இது. என் குரலைச் சந்தையில் கொட்டச் சொல்லி நானும் கேட்கவில்லை.

ஆனால் பூட்டுவது வேறு, பாதுகாப்பது வேறு. இதைப் பதிவறையில் வேலை பார்த்தவன் நன்றாகச் சொல்வான். எங்கள் ஆபீசில் ஒரு கோப்பு முடிந்தால் அதை அப்படியே அலமாரியில் திணித்துவிட முடியாது. ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைக்கவேண்டும். டி.டிஸ். என்றால் பத்து ஆண்டு. கே.டிஸ். என்றால் மூன்று ஆண்டு. எல்.டிஸ். என்றால் ஒரு ஆண்டு. முடிக்கும்போதே முடிவு செய்து மேலே எழுதவேண்டும். யார் கேட்டால் காட்டலாம், யாருக்கு நகல் தரலாம் என்பதற்கும் விதி உண்டு. அழித்தால் அழித்ததற்கும் பதிவு உண்டு. நான் மாற்றலாகிப் போனால் பொறுப்புப் பட்டியல் எழுதி அடுத்தவரிடம் ஒப்படைக்காமல் நகர முடியாது. எலியும் கரையானும் தின்றது போகவும் அந்தப் பதிவறையில் காகிதம் கிடைத்தது. காரணம், அது ஆளுடையது அல்ல, ஆபீசுடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஆய்வுத் தரவு மட்டும் மாணவன் பையோடு பஸ் ஏறிப் போகிறது.

பூட்டும் திறப்பும் தவிர நடுவில் படிகள் இருக்கின்றன. கேட்ட கேள்வி, சொற்பட்டியல், எத்தனை பேர், எந்த வயது, எங்கே தடுமாறினார்கள் என்ற கணக்கு, இதையெல்லாம் பெயரில்லாமல் முழுக்கத் திறந்து வைக்கலாம். ஆபத்து ஒன்றுமில்லை. இதைச் செய்திருந்தாலே மூன்றாவது டீம் அரிச்சுவடியை விட்டு இரண்டாம் பாடத்துக்குப் போயிருக்கும். குரலை, கொடுத்தவர் சம்மதித்தால், கையெழுத்திட்டுக் கேட்கிற மற்ற ஆய்வாளருக்குத் தரலாம். முகம் தெரியும் வீடியோவையும் போன் நம்பரையும் பூட்டி வைத்து, எழுதிவைத்த தேதியில் அழிக்கலாம். யாருக்குக் கொடுக்காவிட்டாலும், பேசியவருக்கு அவர் பேச்சின் ஒரு பிரதி கொடுக்கவேண்டும். அதில் என்ன ரகசியம்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பழைய பழக்கத்தில் புரட்டிப் பார்த்தேன். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 14-ஆம் பிரிவு, ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய தரவு உரிமைகளைப் பயன்படுத்த ஒரு நாமினியை நியமிக்கலாம் என்கிறது. படித்ததும் அந்த மகனுக்குப் போன் செய்யப் போனேன். அடுத்த பக்கத்தில் 17-ஆம் பிரிவு இருக்கிறது. ஆராய்ச்சி, ஆவணக்காப்பு, புள்ளிவிவரத்துக்கான தரவைத் தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாமலும், குறித்த தரநிலைகளின்படியும் கையாண்டால், இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. போனைக் கீழே வைத்துவிட்டேன். பாங்குக்காரன் பதில் சொல்லவேண்டும், கல்லூரிக்காரன் சொல்லவேண்டாம். ஆனால் ஒன்று. சட்டம் விலக்கு அளிக்கிறதே தவிர, திருப்பிக் கொடுக்காதே என்று தடுக்கவில்லை. மருத்துவ ஆய்வுக்கு ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட நெறிமுறை, கையெழுத்தான சம்மதப் படிவத்தின் நகலைப் பங்கேற்பவருக்குக் கொடுக்கச் சொல்கிறது. ஊசி போடுகிறவர்களால் முடிந்தது மைக் நீட்டுகிறவர்களால் முடியாதா?

முடியும் என்று செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். மோசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் தமிழும் உண்டு. தானாக முன்வந்து குரல் கொடுக்கிறார்கள், திரட்டியதை யாரும் இறக்கிக்கொள்ளலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு 22 இந்திய மொழிகளின் குரல் பதிவுகளை 'இண்டிக்வாய்சஸ்' என்று திறந்து வெளியிட்டிருக்கிறது. ஆகவே இடமில்லை, வழியில்லை என்ற சாக்கு இனி செல்லாது.

பிரெஞ்சுக்காரன் ஆட்சியைப் பற்றிப் புகழ்ந்து எழுத எனக்கு ஆசையில்லை. அவனும் வாங்கிக்கொண்டு போக வந்தவன்தான். ஆனால் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதும் 'எத்தா சிவில்' பதிவேட்டை ஒன்றுக்கு மேற்பட்ட பிரதியாக எழுதவைத்தான். 1776-ஆம் ஆண்டு அரசாணைப்படி காலனிகளிலிருந்து ஒரு பிரதி கப்பலேறி பிரான்சுக்குப் போனது. ஊர்ப் பிரதி ஊரிலேயே இருந்தது. வேலையில் சேர எனக்கு வயதுச் சான்று தேவைப்பட்டபோது பாண்டிச்சேரி 'மேரி'யில் போய் நின்றேன். என் பெயர், அப்பா பெயர், நேரம் உட்பட இருந்தது. கப்பலில் போன பழைய பதிவேடுகள் இப்போது எக்ஸ் ஆன் ப்ரோவான்ஸ் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. அவற்றை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆள வந்தவன்கூட ஒரு பிரதியை ஊரில் விட்டுவிட்டுப் போனான். நமக்கு உதவ வருகிறவர்கள் இருக்கிற ஒரே பிரதியையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

மாணவர்களைத் திட்டி முடித்துவிட எனக்கு மனமில்லை. அவர்களுக்குக் கட்டுரை வந்தால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் வேலை. தரவை ஒழுங்காக அடுக்கிவைத்ததற்கு யாரும் மார்க் போடுவதில்லை. பதிவறைக்கு ஆள் போடாத ஆபீசில் எழுத்தரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? மார்க் போடுகிறவர்களும் பணம் ஒதுக்குகிறவர்களும்தான் பதில் சொல்லவேண்டும்.

வருவாய்த்துறையில் ஆண்டுதோறும் ஜமாபந்தி என்று ஒன்று நடக்கும். மேலதிகாரி தாலுகா ஆபீசில் உட்கார்ந்து கிராமக் கணக்குகளை வரிசையாகச் சரிபார்ப்பார். ஊர்ஜனங்கள் மனுவோடு வந்து நிற்பார்கள். கணக்கு எழுதியவர் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லவேண்டும். ஆய்வுக்கும் அப்படி ஒரு ஜமாபந்தி வேண்டும் என்கிறேன். எந்த ஊரில் பேச்சு வாங்கினார்களோ அந்த ஊருக்கு வருடம் ஒரு தடவை வந்து, இத்தனை பேரிடம் வாங்கினோம், இங்கே வைத்திருக்கிறோம், இன்னாருக்குக் கொடுத்தோம், இதனால் இது நடந்தது அல்லது நடக்கவில்லை என்று பஞ்சாயத்து ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து தமிழில் சொல்லட்டும். அரை நாள் வேலை.

சென்ற மாதம் வந்த பிள்ளைகளிடம் பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டதை நான் கேட்டேன். "போன தடவை சொன்னதை என்ன செய்தீர்கள்?" அவர்களில் ஒரு பெண், "சார், போன தடவை யார் வந்தாங்கன்னே எங்களுக்குத் தெரியாது" என்றாள். உண்மையைச் சொன்னாள். பிறகு நோட்டை எடுத்து, நான் சொன்னதை வரிசையாக எழுதிக்கொண்டாள். படிவம் தமிழில் வேண்டும். நகல் என் கையில் வேண்டும். மாணவர் போனாலும் பொறுப்பில் இருக்கும் ஒருவரின் பதவிப்பெயர் அதில் வேண்டும். எத்தனை வருடம் வைப்பார்கள் என்று எழுதவேண்டும். பேசியவருக்கும் அவர் சொல்லும் ஒரு வாரிசுக்கும் பதிவின் பிரதி வேண்டும்.

"கைடு கிட்ட கேட்டுட்டு வர்றேன், சார்" என்றாள்.

படிவம் என் மேஜைமேல் கையெழுத்தில்லாமல் இருக்கிறது. போடமாட்டேன் என்று சொல்லவில்லை. நகல் வரட்டும், போடுகிறேன். வாரிசு என்ற இடத்தில் பேத்தியின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.